முத்தணம்புதூர் கை மாறிய ஆறு வாரம்

முத்தணம்புதூரில் இருந்த ஆயிரத்து நானூறு வீட்டுக்காரர்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பீச்சாங்கையால் பல் துலக்கினோம். அது பீச்சாங்கை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துலக்கி, கொப்பளித்து, கழுவ வேண்டியதை மறு கையால் கழுவிவிட்டு வந்து பேப்பரைப் பிரித்தால் எழுத்தெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அச்சாபீஸில் யாரோ குடித்துவிட்டு வேலை பார்த்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தோம். டீக்கடைப் பலகையும் திரும்பியிருந்தது, பஸ் ஸ்டாப்பில் எழுதியிருந்த ஊர்ப்பேரும் திரும்பியிருந்தது. கோயம்புத்தூர் பஸ் ரோட்டின் தப்பான பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, ஊரே எதுக்குய்யா எதிர்ப்பக்கம் நிக்கறீங்க என்று கேட்ட பிறகுதான் ஒருத்தரை ஒருத்தர் சரியாகப் பார்த்தோம். எல்லாருக்கும் தலை வகிடு பக்கம் மாறியிருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வலது கன்னத்தில் மச்சம் என்று எழுதியிருந்தவர்களுக்கெல்லாம் மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. குடல்வால் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் வேட்டியைத் தளர்த்திப் பார்த்துவிட்டு, தழும்பும் மறுபக்கம் போயிருப்பதை ஊருக்கே காட்டினார்கள்.

மூன்று நாளுக்குப் பேச்சு அதுதான். நாலாம் நாள் பழகிவிட்டது. எருமைகள் முதல் நாள் கறக்கப் போனவர்களை உதைத்தன, அப்புறம் அவையும் எங்களைப் போலவே ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் தண்ணீரைக் குடித்துவிட்டு அமைதியாகிவிட்டன. சிவப்புக்கொடிக் கட்சியின் கிளைச் செயலாளர் தான் வலதுசாரியாகிவிட்டோமோ என்ற கலக்கத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தார். தொட்டித் தண்ணீரில்தான் அபிஷேகம் நடக்கிறது என்பதால் மாகாளியம்மன் கையிலிருந்த கத்தியும் பக்கம் மாறியிருந்தது. பூசாரி அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவ மட்டும் தனியா இருந்து என்ன பண்ணுவா, ஊரோடதான போகோணும்" என்று சொல்லிவிட்டு, தன் புதிய கையால் தீபம் காட்ட, நாங்கள் எங்கள் புதிய கையால் திருநீறு வாங்கிக்கொண்டோம்.

இதற்கு யார் காரணம் என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும். தெரியாத மாதிரி இருந்ததற்குக் காரணம், அவளை விட்டால் இதைச் சரிபண்ண ஆள் இல்லை என்பதுதான்.

கோகிலவாணிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் வாணி ஜெராக்ஸ் வைத்திருந்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பம்ப்செட் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டர் புகையைச் சுவாசித்து, கம்பெனி மூடியதும் ஊருக்குத் திரும்பிவந்து, முன்பக்கம் ஜெராக்ஸும் பின்பக்கம் சர்க்யூட் போர்டும் என்று பிழைத்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. ஊரில் அவள் மாதிரி இன்னும் சிலர் பிறக்கத்தான் செய்தார்கள், அவர்களையெல்லாம் சின்ன வயசிலேயே அடித்துத் திருத்திவிட்டோம். இவள் மட்டும் எத்தனை ஸ்கேல் உடைந்தும் திருந்தவில்லை. இருபத்திமூன்று வயதில் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தம்ளரை மறந்து அந்தக் கையால் நீட்டிவிட்டாள். அவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அவள் காபியே கொண்டுபோகவில்லை. கடையில் மீதிச் சில்லறையைச் சோத்தாங்கையால்தான் கொடுக்கப் பழகியிருந்தாள், பாதி நேரம் காசு கீழே விழும். குனிந்து பொறுக்கிக்கொண்டே அவளைப் பார்த்து, பாவம் என்பது போல நாக்கால் ஒரு சத்தம் போடுவோம்.

ஊர்த் தொட்டி தினமும் விடிகாலையில் நிரம்பி வழிந்து கீழத்தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் கவுன்சிலர் வீட்டுக்காரர் செங்கோடன் அவளிடம் வந்து, தொட்டி நிறைந்ததும் கத்துகிற மாதிரி ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார். கவுன்சிலர் என்பது அவருடைய மனைவி பொன்னாத்தாள்தான். ஆனால் தேர்தலில் கும்பிட்டதற்குப் பிறகு அந்தம்மாவை நாங்கள் பார்த்ததில்லை. கையெழுத்து முதற்கொண்டு எல்லாமே செங்கோடன்தான் போடுவார்.

கோகிலவாணி போர்டு செய்கிற விதத்தை இந்த ஊரில் பார்க்காத ஆள் கிடையாது. செப்புத்தகடு ஒட்டிய பலகையைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் பளபளவென்று தேய்ப்பாள். கரண்ட் ஓடவேண்டிய வழியைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து, நகைக்கடைக்காரர்கள் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகிற வழவழ விளம்பரப் புத்தகத்தின் தாளைக் கிழித்து, அதில் லேசர் பிரிண்டரில் அச்சடிப்பாள். அந்தத் தாளைச் செம்பின் மேல் கவிழ்த்துப் போட்டு, கடை வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற நாச்சிமுத்துவைக் கூப்பிடுவாள். அவர் கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு நிமிஷம் அழுத்துவார், சூட்டில் மை உருகிச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் தாள் திரிதிரியாக உரிந்துவந்துவிடும், நெக்லஸும் ஒட்டியாணமும் போய்விடும், கறுப்புக்கோடு மட்டும் நிற்கும். அப்புறம் அதைக் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிற ஃபெர்ரிக் குளோரைடில் போட்டு, பிளாஸ்டிக் தட்டைத் தொட்டில் ஆட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பாள். மை மூடிய இடத்தை விட்டுவிட்டு மீதிச் செம்பையெல்லாம் அது தின்றுவிடும்.

தாளைக் கவிழ்த்துத்தானே ஒட்டுகிறோம், அதனால் படத்தை இடம்வலம் மாற்றி அச்சடித்தால்தான் பலகையில் நேராக விழும். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, டிக் போட்டால் போதும். அன்றைக்கு அவள் டிக் போட்டாள். போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் தட்டினாள், டிக் போய்விட்டது. இடம் வலம் என்றாலே அவளுக்குச் சின்ன வயசு ஸ்கேல் ஞாபகம் வந்து ஒரு நொடி எல்லாம் குழம்பும். பலகையைக் கழுவி எடுத்துப் பார்த்தபோது, ஓரத்தில் அழகுக்காக அவள் போட்டிருந்த 'முத்தணம்புதூர்' என்ற எழுத்து திரும்பியிருந்தது.

நாச்சிமுத்து எட்டிப்பார்த்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் ஊர்ப்பேர் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"அம்மணி, இது கவுந்துபோச்சாட்ட இருக்குதுங்."

"ஐசி சிப்பக் குப்புறப் போட்டுப் பத்தவெச்சா வேலை செய்யும். தொட்டி மேல ஏறி யாரு படிக்கப்போறா."

அவள் சொன்ன மாதிரியே வேலை செய்தது. திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டியில் மாட்டினார்கள், நிறைந்ததும் கத்தியது, மோட்டாரை நிறுத்தினார்கள், கீழத்தெரு காய்ந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்த கையோடு நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தோம்.

கோகிலவாணி மட்டும் குடிக்கவில்லை. ஊர்த் தண்ணீரின் உப்பு ஒத்துக்கொள்ளாமல் அவள் வருஷக்கணக்கில் கேன் தண்ணீர்தான்.

அன்றைக்குக் காலையில் அவள் கடையைத் திறந்தபோது முதலில் வந்தவர் பால் சொசைட்டி செயலாளர். ஆதார் அட்டை ஒரு நகல் வேண்டும் என்று அவர் காசை நீட்டியது பீச்சாங்கையால். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன்னையறியாமல் தன் பீச்சாங்கையால் வாங்கினாள், அதே கையால் மீதியைக் கொடுத்தாள். ஒரு காசும் கீழே விழவில்லை. அடுத்து வந்தவரும் அப்படியே. மத்தியானம் வரைக்கும் நாற்பது பேர் வந்தோம், நாற்பது பேரும் அவளுக்கு வாகான கையை நீட்டினோம். மத்தியானம் அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள் என்று நாச்சிமுத்து பிற்பாடு சொன்னார்.

அந்த ஆறு வாரம் மாதிரி அவளை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு வெளியுலக எழுத்து எல்லாமே கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்கமுடியும் என்று ஆகிவிட்டது. ஃபேன்ஸி ஸ்டோரில் முகம் பார்க்கிற கண்ணாடி தீர்ந்துபோனது. மீதிப்பேரெல்லாம் பேப்பரையும் கல்யாணப் பத்திரிகையையும் கரண்ட் பில்லையும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் அள்ளிக்கொண்டு அவள் கடைக்குப் போய், திருப்பி அச்சடித்து வாங்கிவந்தோம். இப்போது அந்தச் சின்னக் கட்டத்தில் அவள் டிக் போடுவதற்குத் தடுமாறவேயில்லை. டெய்லர் புதுசாக வாங்கிய கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாமல் முழித்தபோது அவள்தான் எப்படிப் பிடிப்பதென்று காட்டிக்கொடுத்தாள். பேருந்து கண்டக்டர்கள் நாங்கள் நீட்டுகிற காசை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்குப் பீச்சாங்கைப்புதூர் என்று பேர் வைத்தார்கள். அதைக் கேட்டு நாங்கள் கொதித்தபோது அவள் மட்டும், "அது ஒண்ணும் பண்ணாதுங்க, நாலு நாள் காதுல விழும், அப்பறம் விழாது" என்று, பல வருஷ அனுபவம் உள்ள டாக்டர் மாதிரி சொன்னாள்.

பொன்னாத்தாள் வெளியே வந்ததும் அப்போதுதான். செங்கோடன் போட்ட கையெழுத்தெல்லாம் திரும்பி விழுந்ததால் பேங்கில் செல்லவில்லை. வேறு வழியில்லாமல் அந்தம்மாவையே கூட்டிக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் கையெழுத்தே போட்டிராத ஆள் என்பதால் எப்படிப் போட்டாலும் அதுதான் அவர் கையெழுத்து என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் படிக்கவும் ஆரம்பித்தார். பேரூராட்சி ஆபீஸில் இரண்டு பேர் மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

கஷ்டம் ரேஷன் கடையில்தான் ஆரம்பித்தது. கட்டைவிரலை வைத்தால் மிஷின் சிவப்பு விளக்குப் போட்டது. எங்கள் ரேகையும் திரும்பியிருந்தது.

"நீங்க நீங்க இல்லைன்னு வருதுங்க" என்றார் கடைக்காரர்.

அவரும் இந்த ஊர்தான், அவருடைய விரலுக்கும் அதே பதில்தான் வந்தது. தாலுக்காவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, நூறு பேர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிக வேலையினால் ரேகை தேய்மானம் என்று எழுதிக்கொண்டு போனார். எங்கள் ஊரைப் பற்றி அரசாங்கம் எழுதியதிலேயே அதுதான் பெருமையான வாசகம். ஆனால் அரிசி வரவில்லை. முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் பேங்க் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, தாங்கள் தாங்கள்தான் என்பதை நிரூபிக்க முடியாமல் வீடு திரும்பினார்கள்.

போர்டைக் கழற்றிப் பார்த்தோம். கீழத்தெருவில் மறுபடி தண்ணீர் நின்றதே தவிர எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்ப மாட்டிவிட்டு, செங்கோடன் எங்கள் சார்பாக ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"அம்மணி, தப்பு யாரு மேலன்னெல்லாம் நாங்க பேசலை. இன்னொரு போர்டு, நேரா இருக்கற மாதிரி, செஞ்சு மாட்டிருங்க. எல்லாம் செரியாப்போயிரும்னு பூசாரி சொல்றாரு."

"செஞ்சிரலாமுங்க" என்றாள் அவள். "ஃபெர்ரிக் குளோரைடு ஸ்டாக் இல்லை. வரட்டும்."

அடுத்த வாரம் போனால் பிரிண்டரின் டோனர் மை தீர்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம், வழவழத் தாளுக்கு நகைக்கடைப் புத்தகம் வரவேண்டும், ஆடி முடிந்தால்தான் போடுவார்கள் என்றாள். நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய நகைப் புத்தகங்களை எடுத்துவந்து கொடுத்தோம், அவள் ஒவ்வொரு தாளாகத் தடவிப்பார்த்து, இதில் மை பிடிக்காது என்றாள். வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து எங்களைப் பார்க்காமலே, "ஆமாங், பிடிக்காதுங்" என்றார்.

நாச்சிமுத்துவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்கு மனைவி இறந்து ஒன்பது வருஷம். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆம்பளைகள் எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், பஸ் கண்டக்டரையும் கூட. கோகிலவாணி அவரை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். இதை ஊர் ரொம்ப நாளாகக் கவனித்து வைத்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும்தான் இன்னும் கவனிக்கவில்லை. அவளுடைய மேஜைக்கு அடியில் ஃபெர்ரிக் குளோரைடு ஐந்து லிட்டர் கேன் நிறைய இருப்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். போர்டு அழுத்தப் போகிறபோதெல்லாம் கால் அதில்தான் இடிக்கும். ஒரு நாள் கரி அணைந்துபோன நேரத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அம்மணி ஸ்டாக் இருக்காது?"

அவள் பிரிண்டரில் தாளை அடுக்கினாள்.

"நாப்பத்திரண்டு வருசம் நான் ஒருத்தி மாறிக்கிட்டனா இல்லையா. அவங்க ஒரு ஆறு மாசம் இருந்து பாக்கட்டுமே."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்றார் நாச்சிமுத்து. கேனின் மேல் ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் பொன்னாத்தாளின் மகள் தாரணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு திருப்பூர்ப் பக்கம், கேன் தண்ணீர் குடிக்கிற குடும்பம். பெண் பாயசம் கொண்டுவந்து மாமியாராகப்போகிறவரிடம் நீட்டினாள். அந்தம்மா கையைப் பார்த்தார், பாயசத்தைப் பார்த்தார். அதை வாங்காமல், "கழுவற கையில குடுக்கறாளே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சபைக்கே கேட்டது. பொன்னாத்தாள் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நின்றார். ஊரே இப்படித்தான் என்று செங்கோடன் விளக்கப்போக, அது இன்னும் மோசமாகப் போய், கல்யாணத்துக்குள் பெண்ணைச் சரிசெய்யாவிட்டால் தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இந்தச் செய்தி கடைக்கு வந்தபோது கோகிலவாணி சிரித்தாள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துத்தான் இருப்பாள், நாங்கள் அவளைக் குறை சொல்வதற்கில்லை.

மறுநாள் தாரணி கடைக்கு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தம்ளரும், அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீரும்.

"அக்கா, நீங்க சோத்தாங்கையிலயும் குடுக்கப் பழகியிருக்கீங்கல்ல. எனக்கும் சொல்லிக்குடுங்க. அவங்க முன்னாடி ஒருதரம் சிந்தாம குடுத்துட்டாப் போதும்."

கோகிலவாணி அவளை உட்காரச் சொல்லவில்லை. தாரணி தானாகவே நின்று, தம்ளரை மறு கைக்கு மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தாள். தண்ணீர் சிந்தியது. திரும்ப நிரப்பிக்கொண்டு நடந்தாள், சிந்தியது. நாலாவது நடையில் தம்ளர் நழுவி விழுந்து உருண்டது. அந்தப் பெண் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அடிப்பார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளை வாழ்க்கையில் யாரும் அடித்ததில்லை. கை அதுவாகவே அங்கே போய் ஒளிந்துகொண்டது.

கோகிலவாணி தம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"அவங்களுக்காக அந்தக் கையப் பழக்காத கண்ணு. வீட்டுக்குப் போ. நாளைக்கு மாத்திரலாம்."

அவள் பின்கட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். நாச்சிமுத்துவைக் கூப்பிடவே தேவையில்லாமல் அவர் ஏற்கெனவே கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். விஷயம் பரவி, கடை வாசலில் பால் சொசைட்டி வரைக்கும் கூட்டம் நின்றது. நாங்கள் மொத்த ஊரும் மூச்சுவிடாமல் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்தோம். அவள் டிக் போட்டாள். "போட்டாச்சா?" என்று செங்கோடன் கேட்டார். "போட்டாச்சு" என்றோம் எல்லாரும். அவள் மறுபடி தட்டப்போனபோது நாச்சிமுத்து, "போதும், கைய எடுங்க அம்மணி" என்றார். அன்றைக்கு அவர் தன் இடது கையால் அழுத்திய மாதிரி ஒரு போர்டை எப்போதும் அழுத்தியதில்லை. தாளை உரித்தபோது ஒரு கோடுகூட அறுந்திருக்கவில்லை. சாக்குக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் கேனை அவள் இழுத்தபோது நாங்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். செம்பு கரைந்து பலகை வெளியே வந்தபோது ஊர்ப்பேர் நேராக இருந்தது. எங்களுக்கு அது திரும்பித் தெரிந்ததால்தான் நேராக இருக்கிறது என்று நம்பினோம்.

காலையில் பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் கோகிலவாணி தொட்டிக்குப் போய், பழைய தண்ணீரில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டுவந்து, கடையில் சாமி படத்துக்குக் கீழே மூடிவைத்தாள். தொட்டி வாட்ச்மேன் அதைப் பார்த்தார். ஊர் பக்கம் மாறியபோது அவள் குடிக்கவில்லை. இப்போது ஊர் திரும்பப்போகிறது. அந்த ஒரு சொம்பைக் குடித்துவிட்டால் அவளும் கை மாறி எங்களில் ஒருத்தியாகிவிடலாம், சில்லறை விழாது, சபையில் யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்குத்தான் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

புதுத் தண்ணீர் பத்து மணிக்கு வந்தது. குடித்தோம். முதலில் டீக்கடைப் பலகை நேரானது, அப்புறம் பஸ் ஸ்டாப், அப்புறம் பேப்பர். ரேஷன் கடையில் பச்சை விளக்கு எரிந்தது. கிளைச் செயலாளர் வெளியே வந்து கொடியேற்றினார். மாகாளியம்மன் கத்தியைப் பழைய கைக்கே மாற்றிக்கொண்டாள். பதினொன்றரைக்குப் பால் சொசைட்டி செயலாளர் ஜெராக்ஸ் எடுக்கப் போனார், கோகிலவாணி ஆறு வாரப் பழக்கத்தில் மீதிக் காசைப் பீச்சாங்கையால் நீட்டினாள். அவர் வாங்கினார். ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். அவர் பார்த்ததை அவள் பார்த்தாள்.

அவர் போனதும் அவள் எழுந்து போய்ச் சொம்பை எடுத்தாள். சொம்பு காலி.

வாசலில் நாச்சிமுத்து ஒரு வேட்டியை விரித்துப் போட்டு, இடது கையால் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்து. இங்க தண்ணி வெச்சிருந்தன்."

"தாகமா இருந்துச்சுங்."

"அது என்ன தண்ணின்னு தெரியுமா?"

"தெரியுமுங்."

"காலைல புதுத் தண்ணி குடிச்சு மாறினீங்கல்ல, நான் பாத்தன்."

"மாறினன். அப்பறம் இதைக் குடிச்சன்." வேட்டியைத் திருப்பிப் போட்டார். "நீங்க குடிச்சீங்கன்னா எழுத்தெல்லாம் திரும்பிக்கும், ரேகை விழாது, கடை வெச்சிருக்கறவிய, உங்களுக்கு ஆகுமா. எனக்கென்ன. எழுத்து நேரா இருந்தாலும் ஒண்ணுதான், திரும்பி இருந்தாலும் ஒண்ணுதான்."

"ரேஷன் கடையில உங்களை இல்லைம்பான்."

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறான். அவன் சொல்லியா நான் இருக்கறன்?"

அவள் காலிச் சொம்போடு நின்றாள். அவரைத் திட்ட வேண்டும் என்று ஆரம்பித்து, பைத்தியக்காரர் என்றாள், கிறுக்கு என்றாள், கேட்டுவிட்டுக் குடிக்கக்கூடாதா என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாங், ஆமாங் என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாங்கள் டீ ஆறிப்போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் உள்ளே போய்க் கேன் தண்ணீரில் ஒரு தம்ளர் பிடித்துவந்து அவருக்கு நீட்டினாள், பீச்சாங்கையால். அவரும் அந்தக் கையாலேயே வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அவருக்கும் கேன் தண்ணீர்தான்.

தாரணியின் கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. மாப்பிள்ளை வலது கையால் தாலி கட்டினான், பெண் வலது காலை எடுத்து வைத்தாள், மாமியார் கழுத்து நிறைய நகையோடு முதல் பந்தியில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் கோகிலவாணியும் நாச்சிமுத்துவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி முன்னால் எந்தக் கையால் சாப்பிடுவார்களோ என்று எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். எல்லாருக்கும் நுனி இடப்பக்கம் இருக்கிற மாதிரி இலை போட்டுக்கொண்டே வந்தார்கள், அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படியே போட்டார்கள். கோகிலவாணி வலது கையை இலை ஓரத்தில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல, பந்தி முடிகிற வரைக்கும் அரைகுறையாகச் சாப்பிடத் தயாராக இருந்தாள். நாச்சிமுத்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

பொன்னாத்தாள் பட்டுச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். இரண்டு இலைக்கு முன்னால் நின்றார். பந்தியே அவரைப் பார்த்தது, சம்பந்தியம்மாளும் பார்த்தார். அவர் குனிந்து, முதலில் கோகிலவாணி இலையை, அப்புறம் நாச்சிமுத்து இலையை, நுனி வலப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பரிமாறுகிறவர்களைப் பார்த்து, "இந்த ரெண்டு எலைக்கும் அந்தப் பக்கமா வந்து வெய்யுங்கப்பா, கைக்கு வாட்டமா இருக்கோணுமல்ல" என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாளிடம் போய், பாயசம் இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டார்.

அந்தம்மா விடச் சொன்னார். நாங்களும் சாப்பிட ஆரம்பித்தோம்.